ஒறம்பரைக்கு ஒரு சொம்புத் தண்ணி

முந்தாநாள் மத்தியானம் எதிர் வீட்டுப் பெண் வந்து கதவைத் தட்டினாள். "ஏனுங்க ஆன்ட்டி, ஒறம்பரை வந்திருக்காங்களா? பேச்சுச் சத்தம் கேட்டுதுங்க. பால் பத்தலைன்னா எங்கூட்ல இருக்குதுங்க" என்றாள். நல்ல பெண். வீட்டுக்கு வருகிற விருந்தாளியை எங்கள் பக்கம் ஒறம்பரை என்றுதான் சொல்வோம், அவளும் அதை விடாமல் சொல்கிறாளே என்று ஒரு சந்தோஷம். ஆனால் வீட்டில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. சந்தைக்குப் போய்க் காய் வாங்கிக்கொண்டு, முழங்காலைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறி வந்திருந்தேன். வந்தவுடன் ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு, "வாங்க வாங்க, வெயில்ல வந்திருக்கீங்க, சித்தெ உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு நானேதான். அது அவளுக்குக் கேட்டிருக்கிறது.

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நம் வயசுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மூட்டுக்குத் தைலம் தேய்க்கிறவர்கள், கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவர்கள், கையிலிருந்து ஒரு டம்ளர் நழுவினால் "எனக்கெல்லாம் எதுக்கு உசுரு" என்று தன்னையே வைகிறவர்கள், நீங்கள்தான் இதைக் கேட்க வேண்டியவர்கள். இப்போது போனைத் திறந்தால் யாராவது ஒருவர், உங்களுக்கு நீங்களே நன்றி சொல்லுங்கள், உங்களிடம் நீங்களே அன்பாக இருங்கள், வீட்டு வேலையை அப்படிப் பழக்கிக்கொள்ளுங்கள் என்று பேசுகிறார். என் மகள் எனக்கு அந்த மாதிரி ஒன்றை அனுப்பிக் கேட்கச் சொன்னாள். கேட்டேன். நன்றாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் அதைச் செய்ததற்காக எங்கள் வீட்டிலிருந்து ஒருத்தியை அனுப்பி வைத்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அவள் என் அத்தை, அப்பாவின் தங்கை.

சிங்காநல்லூரில் அப்போது மில் லைன் வீட்டில் இருந்தோம். ஒரே ஓடு நீளமாகப் போகும், அதன் கீழே வரிசையாக வீடுகள். முன்னால் ஒரு அறை, பின்னால் சமையல், அதற்கும் பின்னால் குளிக்கவும் பாத்திரம் விளக்கவும் பொடக்காலி. அப்பாவுக்கு நூற்பு மில்லில் வேலை. ஷிப்ட் முடிந்து வரும்போது தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். கிழவர் வேஷம் போட்டவர் மாதிரி இருப்பார். மில் சங்கு ஊதுவதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் உலை வைப்பது, குளிப்பது, படுப்பது எல்லாம்.

அம்மா நல்லவள். ஆனால் எங்கள் வீட்டில் ஓயாமல் வசவு வாங்கியது அம்மாதான், வைததும் அம்மாதான். பால் பொங்கினால் உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொள்வாள். சாம்பாரில் உப்பு ஏறினால், "எனக்கு அறிவுன்னு ஒண்ணு இருந்திருந்தா" என்று தொடங்கி, பிறந்த ஊர் வரைக்கும் போய்த் திரும்பி வருவாள். எல்லாருக்கும் போட்டுவிட்டு, சட்டியில் ஒட்டியிருப்பதை அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே வழித்துத் தின்பாள். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அம்மாவைக் கேட்டால், "உக்காந்தா எந்திரிக்க மனசு வராது கண்ணு" என்பாள். அந்தக் கோபம் சாயங்காலத்துக்குள் வழிந்து எங்கள் மேலும் கொட்டும். கூட்டுகிற சீமாறு ஒரு மூலையில் கிடக்கும், செருப்பு ஒரு மூலையில். எடுத்து வைக்கச் சொல்லிக் கத்துவாள், கத்தினதாலேயே எடுத்து வைக்க மாட்டோம்.

அந்த வருஷம் மாசி மாதத்தில் அத்தை வந்தாள். கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்புக்குள் வீடு, அங்கேதான் அவளைக் கட்டிக் கொடுத்திருந்தது. தலைப்பிரசவத்தில் குழந்தை உயிரில்லாமல் பிறந்து, அதைத் தோப்பு ஓரத்திலேயே புதைத்துவிட்டார்கள். அத்தை எழுந்து நடமாடக் கொஞ்ச நாள் ஆகட்டும், உடம்பு தேறின பிறகு கூட்டிப் போகிறோம் என்று மாமன் கொண்டுவந்து விட்டுப்போனார். ஒரு துணிப்பை, ஒரு பித்தளைச் சொம்பு, அவ்வளவுதான் அவள் சாமான். சொம்பு அவளுக்குச் சீராகக் கொடுத்தது. வயிற்றில் கட்டைவிரல் வைத்து அழுத்தின மாதிரி ஒரு நசுங்கல் இருக்கும். அதில் தண்ணீர் ஊற்றிவைத்தால் சிறுவாணித் தண்ணீருக்கு இன்னும் கொஞ்சம் இனிப்பு கூடும் என்று அத்தை சொல்வாள். குடித்துப் பார்த்தால் கூடித்தான் இருக்கும்.

வந்த கொஞ்ச நாளில் எங்களுக்கு ஒரு வேடிக்கை கிடைத்தது. அத்தை வேலையோடு பேசுவாள். அடுப்பைத் துடைத்து முடித்தால், "இன்னைக்கு நல்லா எரிஞ்சே சாமி" என்பாள். கிணற்றுக் கயிற்றைச் சுருட்டி மாட்டும்போது ஒரு தட்டுத் தட்டிக்கொடுப்பாள். எல்லாம் முடிந்த பிறகு பொடக்காலிப் படியில் உட்கார்ந்து உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் விட்டு, விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டே, "நீங்களும் காலையிலிருந்து ஓயலைங்க. போதும், இருங்க" என்பாள். தன் கைகளுக்குத்தான் அந்த மரியாதை.

அப்பா அதைப் பார்த்துவிட்டு, "அப்போ என்ற சைக்கிளுக்கும் ஒரு டீ வாங்கிக் குடுத்துப்போடட்டுமா அம்மணி? அதுவும் என்னைச் சுமந்துட்டு வந்திருக்குது" என்றார். அத்தை சிரிக்காமல், "டீ வேண்டாமுங்கண்ணா, எண்ணெய் கேக்குது. தெருமுக்குலயே சத்தம் கேக்குதில்ல" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி எண்ணெய் போட்டார்.

இன்னொன்று, போச்சாது. எங்கள் ஊரில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான், பரவாயில்லை, விடு என்று அர்த்தம். ஆனால் மற்றவர்களுக்குத்தான் அதைச் சொல்வோம். அத்தை தனக்குச் சொல்லிக்கொள்வாள். தோசை பிய்ந்தால் "போச்சாது கண்ணு, கல்லு காயலை" என்று தனக்கே சமாதானம் சொல்லி, கல்லை இன்னும் கொஞ்சம் காயவிட்டு, அடுத்ததை வட்டமாக எடுப்பாள். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். கணக்குப் பரீட்சையில் கோட்டைவிட்டுவிட்டு வந்து, விடைத்தாளை அம்மாவிடம் நீட்டி, "போச்சாது கண்ணு" என்று என் தலையை நானே தடவிக்கொண்டேன். அம்மா தோசைச் சட்டுவத்தை எடுத்துக்கொண்டு துரத்தினாள். பொடக்காலிவரை ஓடினேன். நீ சொல்லிக் கொடுத்ததுதான் என்று அத்தைக்கும் சேர்த்து வசவு விழுந்தது. அத்தை பொறுமையாகச் சொன்னாள், "நங்கையா, போச்சாதுன்னா விட்டுப்போடறது இல்லீங்க. வையாம மறுக்காச் செய்யறதுங்க. வஞ்சுட்டே செஞ்ச வேலையை நாளைக்குப் பாக்கவே புடிக்காதுங்க." நங்கையா என்றால் அண்ணன் பெண்டாட்டி. அம்மாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

இந்தப் பழக்கமெல்லாம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் அம்மா கேட்டாள். இருவரும் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கொட்டைகளைப் பொறுக்கிப் பல்லாங்குழிக்குச் சேர்த்துக்கொண்டிருந்தேன். தோப்பு வீட்டில் தான் செய்த எதையும் யாரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை என்றாள் அத்தை. குழந்தை போன பிறகு, இவள் கை வைத்தது எது தங்கும் என்று பேச்சு வந்ததாம். ஒரு நாள் வெயிலில் தண்ணீர்க் குடத்தோடு வாசலுக்கு வந்திருக்கிறாள். அதே நேரம் யாரோ தேங்காய் வியாபாரி வந்திருக்கிறார். வீடே எழுந்து, வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க என்று அவரை உபசரித்திருக்கிறது. அவள் குடத்தோடு நின்றிருக்கிறாள். "எனக்கும் அதே வெயில் தானுங்களே நங்கையா. சரி, யாரும் சொல்லலைன்னா நாமளே சொல்லிக்குவோம்னு அன்னைக்கு ஆரம்பிச்சதுங்க" என்றாள். புளிக்கையால் கண்ணைத் துடைக்க முடியாமல் தோளில் துடைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அத்தை எங்கள் வீட்டில் அதை மறைக்கவில்லை. வெளியே போய்விட்டு வந்தால் செருப்பைச் சேர்த்து வைத்து, முகம் கழுவி, சொம்பில் தண்ணீர் எடுத்து, "வாங்க, தண்ணி குடிங்க" என்று தன்னை அழைத்து, உட்கார்ந்து குடிப்பாள். ஒறம்பரைக்குச் செய்வதில் ஒன்று குறையாது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கும் அப்படியே. பையை எறிந்துகொண்டு வந்தவள், வாங்க என்று ஒருத்தர் கூப்பிட்டதும் பையை ஒழுங்காக மாட்டிவிட்டு உட்காருவேன். ஒறம்பரை எங்கேயாவது பையை எறியுமா? வீட்டில் கத்தல் குறைந்தது. சீமாறுக்கு ஒரு ஆணி வந்தது. அம்மா நெற்றியில் அடித்துக்கொள்வது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் நின்றது.

ஒரு நாள் அரை நாள் பள்ளிக்கூடம். நான் வந்தபோது அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அம்மா தனியாகச் சமையலறையில் இருந்தாள். கையிலிருந்து தயிர்ப்போசி நழுவித் தரையெல்லாம் தயிர். நான் கதவோரமே நின்றுவிட்டேன். ஆனால் அம்மா நெற்றிக்குக் கையை ஓங்கவில்லை. குனிந்து போசியை நிமிர்த்தி வைத்தாள். அப்புறம், யாருக்கும் கேட்காத குரலில், "போச்சாது கண்ணு, கை வழுக்கிருச்சு" என்றாள். துடைத்துவிட்டு, ஒரு வாழையிலைத் துண்டைத் தரையில் போட்டு, சூடாக, ஒன்றாய்ப் பொங்கிய அரிசியும் பருப்பும் சோறு வைத்து, நெய்விட்டு, உட்கார்ந்தாள். ஆமாம், உட்கார்ந்தாள். "வாங்க, சாப்புடுங்க" என்று சொன்னபோது வெட்கத்தில் அவள் காது சிவந்தது. பிறகுதான் கதவோரம் நின்ற என்னைப் பார்த்தாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள். நெய்ச்சோற்றில் ஒரு உருண்டை எனக்கும் கொடுத்தாள். இன்றும் அந்தச் சோற்றின் மணம் எனக்கு வரும், நெய்யும் சீரகமும், அம்மாவின் மடி ஈரமும்.

சித்திரை முடிவதற்குள் அத்தை தேறிவிட்டாள். கன்னம் வந்தது. ஒரு நாள் அப்பாவிடம், தோப்பு வீட்டுக்குத் திரும்பவில்லை, இங்கேயே இருந்து மில்லுக்குப் போகிறேன் என்று சொன்னாள். பெண்கள் நூல் சுற்றுகிற இடத்தில் ஆடி மாதம் ஆள் எடுப்பதாகப் பேச்சு இருந்தது. அப்பா யோசித்தார். பிறகு மேஸ்திரியிடம் சொல்லிவைத்தார். ஆனால் எங்கள் வீட்டில் எதற்கும் பெரியப்பா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அப்பாவின் அண்ணன், ஊரில் விவசாய பூமியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தாத்தா இல்லாததால் அவர்தான் குடும்பத்துக்குப் பெரியவர். அவர் சரி என்றால் அத்தை இருக்கலாம், இல்லை என்றால் போக வேண்டும். வைகாசியில் ஒரு நாள் வருகிறேன், பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

என்றைக்கு வருவார் என்று தெரியாது. அதுதான் வினையாகிப் போனது.

அன்றைக்கு மேஸ்திரி அத்தையை நேரில் வரச் சொல்லியிருந்தார். அவள் போய் நின்று, கையைக் காட்டி, நூல் முடிச்சுப் போட்டுக் காட்டி, சரி ஆடியில் வா என்று சொல்ல வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அம்மாவும் நானும் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றிருந்தோம். வீட்டில் யாரும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளை ஒருவர், செய்வாய், வா என்று சொல்லியிருக்கிறார். அதைக் கொண்டாட வேண்டாமா? பொடக்காலி வாழையில் நுனி இலையாக ஒன்று அறுத்துக் கழுவிப் போட்டிருக்கிறாள். இருந்த சோறு, ரசம், அப்பளம் சுட்டு ஒன்று, வெல்லம் ஒரு துண்டு. சொம்பில் தண்ணீர்.

நாங்கள் தெருவுக்குள் திரும்பும்போது எங்களுக்கு முன்னால் பெரியப்பா போய்க்கொண்டிருந்தார். கையில் மாங்காய்ப் பை. அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாக நடந்தாள். வாசலில் அவர் நின்றார். உள்ளேயிருந்து அத்தையின் குரல், தேன் மாதிரி: "வாங்க, வாங்க. இவ்வளவு தூரம் வெயில்ல போயிட்டு வந்திருக்கீங்க. உக்காருங்க. இன்னைக்கு நல்லாச் சாப்புடோணும், கூச்சப்படாதீங்க." யாரோ பெரிய ஒறம்பரை வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. செருப்பைக் கழற்றினார். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கி விட்டார். தோள் துண்டைச் சரி செய்துகொண்டு, கும்பிடுவதற்கு வசதியாகப் பையை இடது கைக்கு மாற்றி, சிரித்த முகத்தோடு உள்ளே போனார்.

உள்ளே ஒரு இலை, ஒரு சொம்பு, அத்தை. அவள் இன்னும் உட்காரவில்லை. இலைக்கு முன்னால் குனிந்து வெல்லத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆள் இல்லாத இலைக்குப் பரிமாறி, சாப்பிடுங்கள் என்று சொல்வது எங்களில் எப்போது என்பது உங்களுக்குத் தெரியும். செத்தவர்களுக்குப் படைக்கும்போது மட்டும்தான். பெரியப்பாவின் முகம் மாறினதை நான் அம்மாவின் இடுப்பருகே நின்று பார்த்தேன். மாங்காய்ப் பை கீழே இறங்கியது.

"இது யாருக்கு அம்மணி எலை?" என்றார். அதட்டல் இல்லை. பயம்தான்.

அத்தை நிமிர்ந்தாள். "எனக்குத்தானுங்கண்ணா" என்றாள், கொஞ்சம் சிரித்து.

அவர் நம்பவில்லை. ஒருத்தி தனக்கே தலைவாழை இலை போட்டு, தனக்கே வாங்க போங்க என்று பேசிக்கொள்வாள் என்று அவர் எப்படி நம்புவார்? செத்துப் பிறந்த அந்தப் பிள்ளை வந்து நிற்கிறது, அதற்குத்தான் இவள் படைக்கிறாள், அதை மறைக்கப் பொய் சொல்கிறாள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. திரும்பி அம்மாவைப் பார்த்தார். இது இந்த வீட்டில் எத்தனை நாளாக நடக்கிறது, உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

அத்தையும் அம்மாவைப் பார்த்தாள். பயமில்லாமல்தான் பார்த்தாள். நங்கையா சொல்லிவிடுவாள் என்று அவளுக்கு நிச்சயம். இதிலே ஒன்றுமில்லீங்க, நானும் போட்டுச் சாப்பிட்டேனுங்க என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

அம்மா மண்ணெண்ணெய்க் கேனைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். "எனக்கொண்ணும் தெரியாதுங்க" என்றாள்.

அந்த இலையை யாரும் சாப்பிடவில்லை. பெரியப்பாவே சுருட்டிக் கொண்டுபோய்ப் பொடக்காலியில் போட்டார். காக்காய் வந்து வெல்லத்தைக் கொத்திக்கொண்டு போனது. பார்த்தீர்களா, காக்காய் எடுத்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் ஒருத்தர் சொன்னார். அது வேறு சாட்சியாகப் போய்விட்டது.

பெரியப்பா கெட்டவர் இல்லை. அத்தையைத் தோளில் வைத்து வளர்த்தவர். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்று எனக்கு நினைவிருக்கிறது. தங்கச்சியைப் பேய் தின்கிறதே என்று அழுதார். மறுநாள் காரமடைப் பக்கம் மந்திரிக்கிற ஒருவரிடம் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தபோது அத்தையின் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. வேலை செய்யும்போது வாய் திறக்கக் கூடாது, தனியாக இலை போடக் கூடாது, குழந்தை புதைத்த இடத்துக்கே அவள் போய்ச் சேர்ந்தால்தான் அது அடங்கும் என்று மந்திரித்தவர் சொல்லிவிட்டாராம். அப்பா ஒரே ஒரு தடவை எதிர்த்துப் பேசினார், மேஸ்திரி வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்று. பேய் பிடித்தவளை மெஷின் முன்னால் நிறுத்தவா, ஒன்று கிடக்க ஒன்று ஆனால் நீ பொறுப்பா என்று பெரியப்பா கேட்டார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

மாமன் வரும்வரைக்கும் அத்தை வேலைகளை வாய் திறக்காமல் செய்தாள். அடுப்பைத் துடைப்பாள், கயிற்றை மாட்டுவாள். வீடு சுத்தமாகத்தான் இருந்தது. கைக்கு எண்ணெய் மட்டும் போடவில்லை. நான் கிண்ணத்தை எடுத்துப்போய் நீட்டினேன். கயிறு கட்டிய கையால் என் கன்னத்தைத் தடவிக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கிளம்புகிற அன்று மாமன் வெளியே வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். அத்தை துணிப்பையும் சொம்புமாகச் சமையலறை வாசலில் வந்து நின்றாள். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள், திரும்பவே இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க நங்கையா" என்றாள் அத்தை.

அம்மாவின் கை தண்ணீருக்குள் நின்றது.

அத்தையே சொன்னாள். "போச்சாதுங்க. பயந்துட்டீங்க. வாரேனுங்க."

அம்மா அதற்கும் திரும்பவில்லை. வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டிய பிறகும் அதே அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். தண்ணீர் எப்போதோ தெளிந்துவிட்டிருந்தது. நல்லவர்கள்கூடத் தங்களை யாரும் அதே கண்ணால் பார்த்துவிடக் கூடாது என்று எத்தனை பயப்படுகிறார்கள் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. அம்மாவையும் ஒரு நாள் அனுப்பி வைக்கலாம் அல்லவா? அவளுக்கும் ஒரு அண்ணன் வீடு பிறந்த ஊரில் இருந்தது.

அத்தை போனது ஆனியில். ஐப்பசி மழையில் மஞ்சள் காமாலை என்று ஆள் வந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கண் மஞ்சளானதை எப்போது பார்த்தீர்கள் என்று அப்பா கேட்டதற்கு, அவள் ஒன்றும் சொல்லவில்லையே என்றார்கள். முடியவில்லை என்று ஒரு நாளும் சொல்லவில்லையாம், படுக்கவும் இல்லையாம். "இங்கே வந்த பொறகு வாயே தொறக்கலைங்க. வேலையும் நிக்கலை. தங்கமான பொண்ணாயிட்டா" என்றார் மாமனின் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. நிஜமாகவே பாராட்டாகத்தான் சொன்னார்.

கருமாதி அன்று படையல் போட்டார்கள். எனக்கு எல்லாவற்றையும்விட அதுதான் மறக்கவில்லை. தோப்பு வீட்டுக் கூடத்தில் பெரிய தலைவாழை இலை. அவளுக்குப் பிடிக்கும் என்று அரிசியும் பருப்பும் சோறு, அப்பளம், ஒப்பிட்டு, கச்சாயம் என்று பலகாரம், வெல்லம். பக்கத்தில் அவளுடைய சீர்ச் சொம்பு, புளி போட்டு விளக்கிப் பளபளவென்று, நசுங்கல் இந்தப் பக்கம் தெரிகிற மாதிரி வைத்திருந்தார்கள். சாம்பிராணிப் புகை. சொந்தமெல்லாம் இலையைச் சுற்றி நின்றது. மாமனின் அம்மா, "வா சாமி, வயிறு நெறையச் சாப்புடு, கூச்சப்படாதே" என்றார். மாமன் தண்ணீர் சுற்றினார். பெரியப்பா விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்திருக்க முடியாமல் அப்படியே கிடந்தார். இந்தப் படையல் இலையா, அன்று அவள் அறுத்துப் போட்ட இலையா, எது அவர் கண்ணில் தெரிந்ததோ.

அந்த வீட்டில் அவளை உட்கார்ந்து சாப்பிடச் சொன்னது அன்றைக்குத்தான்.

அம்மா கும்பிடவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தியில் உட்கார மாட்டேன் என்றுவிட்டாள். சொம்பை எங்களுக்குக் கேட்கலாம் என்று அப்பா நினைத்தார், கேட்காமலே கிளம்பிவிட்டார். பிறகு அது எங்கே போனதோ. எவர்சில்வருக்குப் பழைய பித்தளை எடுக்கிறவர்கள் அந்தத் தோப்புப் பக்கமும் வந்திருப்பார்கள்.

மறுநாள் சிங்காநல்லூரில், சங்கு ஊதி அப்பா ஷிப்ட் முடிந்து வந்தார். நான் வாசலில் இருந்தேன். உள்ளே அம்மா பொடக்காலியிலிருந்து ஒரு இலையை அறுத்து வந்தாள், நுனி இலை. கதவைச் சாத்தவில்லை, தெருவில் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி முன் அறையிலேயே போட்டாள். சோறு வைத்தாள், ரசம் விட்டாள், வெல்லம் ஒரு துண்டு வைத்தாள். எங்கள் எவர்சில்வர் சொம்பில் தண்ணீர். இலைக்கு முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். வாங்க என்று சொல்ல நினைத்தாள், எனக்குத் தெரியும். சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை திறந்தாள். வரவே இல்லை.

அப்பா வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தலையெல்லாம் பஞ்சு. சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். செருப்பைக் கழற்றிச் சேர்த்து வைத்தார். உள்ளே வந்து அம்மாவுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சொம்பை எடுத்து டம்ளரில் ஊற்றி, இலையோரம் நகர்த்தி வைத்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அம்மாவை, ஏ புள்ளே என்று மட்டுமே கூப்பிட்டவர்.

"சாப்புடுங்க" என்றார்.

அம்மா அழுதுகொண்டே சாப்பிட்டாள். அப்பா எழுந்திருக்காமல் கூடவே இருந்தார்.

அதன் பிறகு அம்மா தினமும் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். ஆனால் போச்சாது என்று தனக்குச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த வார்த்தையை அத்தை சமையலறை வாசலில் அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள், அதை அவளால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நானும் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் அதைச் செய்தேன், உதட்டை மூடிக்கொண்டு. வெளியே போய் வந்து தண்ணீர் குடிக்கும்போது மனதுக்குள் வாங்க என்பேன். எண்ணெயைக் கையில் தேய்க்கும்போது யாராவது வந்தால் முழங்கைக்கும் சேர்த்துத் தேய்த்து, மூட்டு வலி என்பேன். அத்தனை வருஷமும் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன். இப்போது மாமனார், மாமியார் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை, மகள் தூரத்தில். என்னைக் கூட்டிக்கொண்டு போய் எங்கேயும் விட ஆளில்லை. அதனால்தான் அந்தப் பெண்ணுக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாகச் சொல்ல முடிகிறது.

பால் வேண்டுமா என்று கேட்டவளிடம் முந்தாநாள், டிவி சத்தம் கண்ணு என்று சொல்லிவிட்டேன்.